கீழ்வீட்டு ராட்வீலர்

அந்த நாய் எங்கள் குடியிருப்புக்கு வந்தது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில். காசிமேட்டிலிருந்து மீன்பெட்டிகள் ஏற்றி வருகிற அதே வண்டி. பின்பலகையை இறக்கியதும் நாய் குதிக்கவில்லை. முன்னங்கால்களைத் தரையில் ஊன்றிவிட்டு, பின்னங்கால்களை எப்படி இறக்குவது என்று யோசிப்பதுபோல அப்படியே நின்றது. ராட்வீலர் இனம், கன்றுக்குட்டி அளவு உடம்பு. கரிய ரோமம், புருவத்திலும் மார்பிலும் பழுப்புத் திட்டுகள். நான் முதல் மாடிப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பார்த்த நொடியிலேயே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் தெரு ஒன்றில் இருக்கிறோம். தரைத்தளத்தோடு நான்கு தளம், எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. அந்த மனை முழுவதும் ஒரு காலத்தில் கீழ்வீட்டு அக்காவுடையது. மீன் வியாபாரம் செய்கிறவர். அறுபதை நெருங்குகிற வயது. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருபது வருடத்துக்கு மேலாகிறது. பில்டர் ஒருவர் வந்து பேசி, அவருடைய ஓட்டு வீட்டை இடித்து எட்டு வீடு கட்டி, தரைத்தளத்து இரண்டையும் அவருக்குக் கொடுத்தார். ஒன்றில் அக்கா, இன்னொன்றில் மகளும் மருமகனும். மீதி ஆறில் நாங்கள். அவருடைய மண்ணுக்குப் பிற்பாடு வந்த நாங்கள்தான், வாசலில் மீன்கூடை வைக்கக் கூடாது, படிக்கட்டில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று அவருக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மருமகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஓர் அதிகாரிக்குக் கார் ஓட்டினார். அந்த அதிகாரிக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டது. நாயைக் கொண்டுபோக முடியாது, யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் எங்காவது விட்டுவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. மருமகன் அதை வீட்டில் வந்து சொல்ல, அக்கா எடுத்துவரச் சொல்லிவிட்டார். நாய்க்கு அப்போது மூன்று வயது. ஏதோ வெளிநாட்டுப் பெயர் இருந்தது. அக்காவின் வாயில் அது நுழையவில்லை. நைனா என்று கூப்பிட்டார். இரண்டே நாளில் அது அந்தக் குரலுக்குத் தலையைத் திருப்பப் பழகிவிட்டது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். பிறந்தது ராயபுரம், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். பார்மசி படிக்க நகரத்தின் தெற்கே போனபோது, முதல் வாரத்தில் நான் ஏதோ பேச்சுவாக்கில் 'இருக்கு' என்பதற்கு 'கீது' என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. எந்த ஏரியா என்று கேட்டார்கள். ராயபுரம் என்றதும் பக்கத்திலிருந்த பெண் தன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். விளையாட்டுக்குத்தான். அதற்குப் பிறகு என் பேச்சை நான் கழுவித் துடைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் பேசுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. வெள்ளை பொமரேனியன். மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கினாள். வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது எங்களிடம் விட்டுப் போனாள். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் கடிக்கும். கேஸ் சிலிண்டர் போட வந்தவரின் கணுக்காலை ஒருமுறை, கூரியர் கொண்டுவந்தவரின் பேண்ட்டை ஒருமுறை, என் கணவரின் விரலைப் பலமுறை. செல்லக்கடி என்று சொல்லிச் சிரித்துவிடுவோம். வருடாவருடம் போட வேண்டிய வெறிநாய்த் தடுப்பூசியை இரண்டு வருடமாகப் போட்டிருக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றினால் ஊரையே கூட்டும், வேறு ஒரு காரணமும் இல்லை. மருந்தகத்தில் நின்றுகொண்டு ஊராருக்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்கிறவள் நான்.

ராட்வீலர் வந்த அதே சமயத்தில்தான், சில இன நாய்களைத் தடை செய்யலாமா கூடாதா என்று டிவியில் தினமும் விவாதம் ஓடியது. எங்கோ ஒரு குழந்தையைப் பெரிய நாய் ஒன்று குதறிவிட்டது என்ற செய்தியில் தொடங்கியது அது. இனத்திலேயே இருக்கிறது என்று ஒரு பக்கம், வளர்ப்பில்தான் இருக்கிறது என்று ஒரு பக்கம். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் வீடியோக்களாக அனுப்பினேன். தாடையின் வேகம், கடியின் ஆழம், கிழிந்த கை. பார்க்க முடியாததையும் அனுப்பினேன். எல்லோரும் பயந்தார்கள். பயந்தவர்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கூட்டம் போட்டோம். நான் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். இந்த இனத்தைக் காவலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள், அன்பாக வளர்த்தாலும் ரத்தம் என்றைக்காவது ஒருநாள் காட்டிவிடும் என்றேன். அக்கா ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மெதுவாகத்தான் பேசினார்.

"நம்மளப் பத்தியும் வெளிய அப்டித்தானேம்மா சொல்லிகினு கீறாங்க. பொறக்கும்போதே கத்தியோட பொறந்தவனுங்கோன்னு. நீயும் இந்த ஊர்த் தண்ணி குடிச்சி வளந்தவதானே."

எனக்குக் காது சூடானது. மனுஷனும் நாயும் ஒன்றா அக்கா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் ஜெயித்துவிட்டேன். நாயை எப்போதும் கட்டியே வைக்க வேண்டும், வெளியே கூட்டிப்போனால் வாய்க்கு மூடி போட வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் அக்கா தன் வாசலோரம் சுவரில் ஓர் இரும்பு வளையம் அடித்து, நாயைச் சங்கிலியில் கட்டி, சங்கிலி எட்டுகிற தூரத்தைச் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். படிக்கட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இரண்டு பைக் நிறுத்தலாம்.

அது நடந்தது கோடை விடுமுறையில், ஒரு பிற்பகல். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் கேனைத் தோளில் வைத்தபடி என் சமையலறைக்குள் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். அப்போது இரண்டாம் மாடிப் பாப்பா படியில் குதித்துக் குதித்து இறங்கி வந்தாள். ஆறு வயது. அப்பா கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அம்மா கீழே கேட்டருகே தள்ளுவண்டியில் காய் வாங்கிக்கொண்டிருந்தார். பாப்பாவின் கையிலிருந்த ஸ்கிப்பிங் கயிறு படிகளில் இழுபட்டுக்கொண்டே வந்தது. அந்தக் கயிற்றைப் பார்த்ததும் என் நாய் என் காலிடுக்கு வழியாகப் பாய்ந்தது. கயிற்றைத்தான் பிடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அது பாப்பாவின் கெண்டைக்காலைப் பிடித்தது. பிடித்து உதறியது.

மூன்று விநாடி இருக்கும். நான் அதன் இடுப்பைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். சமையலறையில் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்த தண்ணீர்க்காரர் எதையும் பார்க்கவில்லை. அதற்குள் பாப்பா அலறிக்கொண்டு அம்மாவைத் தேடிக் கீழே ஓடிவிட்டாள். அலறல் கேட்டு ராட்வீலர் எழுந்து குரைத்தது. அந்தக் குரலில் மிரண்டு பாப்பா சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே குப்புற விழுந்தாள். அவள் அம்மா திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது இதுதான்: தரையில் குழந்தை, காலில் ரத்தம், நாலடி தள்ளிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைக்கிற கறுப்பு நாய்.

நான் கீழே இறங்கினேன். உண்மையைச் சொல்லத்தான் இறங்கினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது நிஜமா என்று தெரியவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர், அப்போதே சொன்னோமே, கேட்டார்களா என்று கத்தினார். அக்கா வியாபாரத்துக்குப் போயிருந்தார். அவர் மகள் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து, சங்கிலி போட்டிருக்கிறதே, எப்படிக் கடிக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருந்து தெரிந்தவள் வந்துவிட்டாளே.

நான் பாப்பாவின் முன்னால் மண்டியிட்டேன். என்ன நடந்தது என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். பாப்பா "நாய், நாய்" என்று மட்டும்தான் விம்மினாள். மேற்கொண்டு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. சொல்ல நான் விடவில்லை.

"பெரிய நாயாடா கண்ணு கடிச்சுது?" என்று கேட்டேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதன்பிறகு என் கைகள் தம் வேலையைச் சரியாகச் செய்தன. குழாயடியில் உட்கார வைத்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவினேன். சின்னச் சின்னப் பற்கள், நெருக்கமான பல்வரிசை. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகிற வாய் அது. கழுவக் கழுவ அந்தத் தடம் தெளிவாகிக்கொண்டே வந்தது. சுற்றி நின்ற யாரும் குனிந்து பார்க்காதபடி என் முதுகால் மறைத்துக்கொண்டேன்.

அரசு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். ராட்வீலர் கடி என்று சொன்னதும் பணியிலிருந்த மருத்துவர் அவசரமாக எழுந்து வந்தார். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று ஆச்சரியப்பட்டார். அந்த நாய் உண்மையாகவே கடித்திருந்தால் கெண்டைச் சதை இருக்காது, உங்கள் குழந்தைக்கு நல்ல நேரம் என்றார். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். வழியிலேயே அக்காவின் மகள் பதிவு அட்டையின் படத்தை அனுப்பியிருந்தாள். எல்லா ஊசிகளும் அந்தந்தத் தேதியில் போடப்பட்டிருந்தன. பாப்பாவின் அப்பா அதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதியானார். பிறகு எதற்கு இவ்வளவு ஊசி, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். மருத்துவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். அட்டையை நம்பக் கூடாது, காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்புக்கான சீரம் ஊசியும் போட வேண்டும், நான்கு தவணையும் விடாமல் முடிக்க வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்கள்கூட இப்படி நிற்கமாட்டார்கள் மேடம் என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கை என் கையைப் பிடித்த இடம் வெகுநாள் எரிந்துகொண்டிருந்தது.

நாயை வெளியேற்றச் சொல்லி அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தை நான்தான் எழுதினேன். எனக்குக் கோர்வையாக எழுத வரும் என்பதால் என்னிடம் கேட்டார்கள். மறுக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. இனத்தின் இயல்பு, குழந்தைகளின் பாதுகாப்பு என்றெல்லாம் எழுதினேன். ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

கடிதம் கொடுத்த மறுநாள் காலை அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார். அத்தனை வருடத்தில் அவர் மாடியேறி வந்தது அன்று ஒருநாள்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"உன்னாண்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீதானே புண்ண கழுவுன. பல்லுத் தடத்தப் பாத்துருப்ப. அது என் நாய் வாயா?"

ரத்தமாக இருந்தது அக்கா, சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அந்த நேரம் பார்த்து என் நாய் உள்ளேயிருந்து ஓடிவந்து, என் காலுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்துக் குரைத்தது. காலால் அதைப் பின்னுக்குத் தள்ளினேன். அது மறுபடியும் பாய்ந்தது. அக்கா அதைப் பார்த்தார். குனிந்து, அதன் வாயை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஊசி போட்டுகீறியா?"

நான் நாயைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

"கொழந்தைக்கு ஒரு ஊசி உடாம போட வையி," என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். நான் கதவைச் சாத்திவிட்டு, அவர் சொல்வாரா மாட்டாரா என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அந்த வார இறுதியில் அதே குட்டி யானை வண்டி வந்து நின்றது. வள்ளூர்ப் பக்கம் மருமகனுக்குத் தெரிந்த ஒருவர் பழைய இரும்புச் சாமான்களைக் குவித்துவைக்கும் யார்டு நடத்தினார். அங்கே காவலுக்கு நாய் வேண்டுமென்று கேட்டிருந்தாராம். அக்கா நாயின் வாய்க்கு மூடி போட்டு, தலையைத் தடவி, ஏறுடா நைனா என்றார். அது ஏறிப் படுத்துக்கொண்டது. வண்டி திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் ஆபத்தில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளும் என் நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. ஒருநாள் அது சாப்பாட்டை மிச்சம் வைத்தபோது மருந்தகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். கணவரிடம்கூட ஏன் என்று சொல்லவில்லை. பதினோராம் நாள் அதை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் ஊசி போட்டேன். வழியெல்லாம் கத்தியது. அவ்வளவுதான், அரை நாள் வேலை. இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டது இதைத்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வள்ளூர் யார்டில் அந்த ராட்வீலர் காவலாளியின் கையை எலும்பு தெரியக் கடித்துவிட்டதாம். கீழே வரிசையாக வந்து விழுந்தன. நாம் சொன்னது சரிதான், மேடம் அன்றைக்கே ரத்தம் காட்டிவிடும் என்று சொன்னார்களே, நல்லவேளை. என்னைப் பாராட்டிக் கட்டைவிரல்கள். எனக்கு ஒரு விநாடி நெஞ்சு லேசானது. மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அது கெட்ட நாய்தான் என்றால் நான் செய்தது பெரிய தப்பில்லையே என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகுதான் என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அந்த ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி வள்ளூருக்குப் போனேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல், யார்டின் தகரக் கூரையிலும் துருப்பிடித்த இரும்பின் மீதும் மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. நாயின் தண்ணீர்ச் சட்டியிலும் சாம்பல் மிதந்தது. நாயை ஒரு முழச் சங்கிலியில் தூணோடு கட்டியிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. கழுத்துப்பட்டை உரசி உரசிப் புண்ணாகி, ஈ மொய்த்தது. என்னைப் பார்த்ததும் உறுமியது. எங்கள் வாசலில் ஒருநாளும் கேட்டிராத உறுமல். நான் இரண்டடி பின்னால் போனேன்.

காவலாளி உள்ளூர்க்காரர், வயதானவர், முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார். நாய்க்கு வேண்டியவர்கள் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னேன். அவருக்குக் கோபமில்லை.

"வந்தப்ப பசு மாதிரி இருந்துச்சும்மா. ஓனர்தான் சொன்னாரு, எல்லாரும் கொஞ்சினா காவலுக்கு ஆவாதுன்னு. கட்டியே போடு, கிட்ட போவாதன்னாரு. கழுத்துல புண்ணப் பாத்து மனசு கேக்கல, மருந்து வைக்கப் போனேன். வலில புடிச்சிருச்சி."

டிவியில் வாதாடியவர்கள் யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. அந்தத் தாடை உண்மையிலேயே பெரிய தாடை. அது பிடித்தால் எலும்பு தெரியும், என் நாய் பிடித்தால் தீப்பெட்டி அளவுக்குத் தடம் விழும். அந்த வித்தியாசத்தை மறுக்க முடியாது. அதற்காகப் பயப்படுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த ஒரு முழச் சங்கிலிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதன் இனமில்லை. நான்.

திரும்பி வந்தபோது அக்கா வாசலில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து வீட்டுச் சமையலுக்கு மீன் அரிந்துகொண்டிருந்தார். எதிரே போய் நின்று, வள்ளூர் போய்விட்டு வருகிறேன் என்றேன். பாப்பாவைக் கடித்தது என் நாய்தான் என்றேன். அவர் கை நிற்கவில்லை.

"தெரியும்மா," என்றார்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அடுத்த மீனை எடுத்துச் செதில் சீவிக்கொண்டே பதில் சொன்னார்.

"சொன்னா எவன் நம்புவான்? உன் நாய் வெள்ளையா பொம்மையாட்டம் கீது. நீ படிச்சவ. என் நாயும் கருப்பு, நானும் மீன்காரி. உன் வாயால வந்தாத்தான் உண்டு. நான் பாத்துகினே இருந்தேன், வரல."

செதிலைத் தட்டிவிட்டு, "அந்தப் பாப்பா வூட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அரிந்த மீனைச் சட்டியில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் இரண்டாம் மாடிக்குப் போனேன். பாப்பாவின் அம்மா காபி போட்டு முன்னால் வைத்தார். அதைத் தொடாமல் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கயிறு, கதவு, என் நாய், நான் கேட்ட கேள்வி. என் நாய்க்கு ஊசி போடாமல் விட்டிருந்ததையும் சொன்னேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ எல்லா ஊசியும் போட்டே ஆகணும்னு நீங்க நின்னது..." என்று அப்பா தொடங்கினார்.

ஆமாம் என்றேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு என் கையைப் பிடித்ததை நினைத்திருப்பார்.

அறைக் கதவுக்குப் பின்னால் பாப்பா நின்றிருந்ததை நாங்கள் மூவரும் கவனிக்கவில்லை. அவளுக்கு ஏழு வயதாகியிருந்தது. மெதுவாக வெளியே வந்து என்னெதிரே நின்றாள்.

"ஆன்ட்டி, அப்ப நான் பொய் சொல்லிட்டேனா?"

அவள் அம்மா அழத் தொடங்கினார். இந்த எட்டு மாதமும் கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தால் பாப்பா ஓடி ஒளிந்துகொள்வாளாம். நாயில்லாத வீட்டைப் பார்த்து ஏன் இந்தப் பயம் என்று இவர்கள் மருத்துவரிடம்கூடக் கேட்டிருக்கிறார்கள். பயமில்லை அது. கடித்தது எந்த நாய் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். பெரியவள் ஒருத்தி, மருந்து தெரிந்தவள், அப்படிக் கேட்டபோது ஆமாம் என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறாள். அதன்பின் அந்தத் தலையாட்டலை யாரிடமும் சொல்லத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நீ பொய் சொல்லவில்லை, நான்தான் உன்னைச் சொல்ல வைத்தேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனாள். நான் படியிறங்கி என் வீட்டுக்கு வந்தபோது பால்கனி வழியாகத் தெரிந்தது. அக்காவின் எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவளைக் கிட்டே இழுத்துக்கொண்டார். என் பொய்க்காக அந்தக் குழந்தை போய் மன்னிப்புக் கேட்டது.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். இரண்டு நாள் ஒருவரும் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், இருந்தாலும் அந்த நாய் இப்போது ஆளைக் கடித்துவிட்டதல்லவா, திரும்பக் கொண்டுவருவது சரிப்படாது என்று எழுதினார். பலரும் அதை ஆமோதித்தார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது. என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் பாப்பாவின் வீட்டார் மட்டும்தான். மற்றவர்கள் இன்றும் மாத்திரை கேட்டு வருகிறார்கள்.

அக்கா நாயை வள்ளூரிலிருந்து எடுத்து, எண்ணூர்க் குப்பத்தில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறார். கழுத்துப் புண் ஆறிவிட்டது, ஆனால் அவரையும் தங்கையையும் தவிர வேறு யாரும் கிட்டே போக முடியாது என்று மருமகன் சொன்னார். ஞாயிறுதோறும் மீன்தலைகளை வேகவைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறுகிறார். நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாணாம்மா, அதுக்குப் புது ஆளுங்க ஆவாது," என்றார்.

நான் வாசலிலேயே நின்றேன். அவர் தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.